நாற்று விடும்போதே நெல்லுக்குச் சொல்லி வையுங்கள்: டெல்டா விவசாயியோடு ஒரு வருடம் சேர்ந்து நிற்பது எப்படி

ஆடி பிறப்பதற்குள் ஒரு போன் போட்டுவிடுங்கள். முதல் வேலை அதுதான், மற்றதெல்லாம் அப்புறம்.

இயற்கை விவசாயத்தை ஆதரிக்கிறோம் என்று சொல்கிற நம்மில் நிறைய பேர் செய்வது, அறுவடை முடிந்து கடையில் பாக்கெட் வந்ததும் தூயமல்லி, கவுனி மாதிரி ஒரு பாரம்பரிய அரிசியில் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு வருவது. வாங்குங்கள், நல்லதுதான். ஆனால் அந்த இரண்டு கிலோ விளைவதற்கு ஐந்து மாதம் முன்னால் ஒருத்தர் வரப்பில் நின்று தனியாக ஒரு முடிவு எடுத்திருக்கிறார். அதிகம் விளைகிற சிஆர் 1009 ரகம் போட்டால் அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்துவிடலாம், தூயமல்லி போட்டால் மூட்டை பாதியாகக் குறையும், அந்த நிலையத்தில் அதற்கென்று தனி விலையும் கிடையாது, அப்புறம் யாரைத் தேடிப் போவது என்ற யோசனை. அந்த நேரத்தில் "அண்ணே, எங்களுக்குப் பதினாலு மூட்டை வேண்டும், பாதிப் பணம் இப்போதே அனுப்புகிறேன்" என்று ஒரு போன் வந்தால் முடிவே வேறாகிவிடுகிறது.

நாங்கள் திருச்சியில் ஏழு குடும்பம். நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு அண்ணனிடம் 2019 சம்பாவிலிருந்து நெல் வாங்குகிறோம். அதில் பட்டதையும் கற்றதையும்தான் எழுதுகிறேன். இந்த ஏற்பாடு புதிதும் இல்லை. ஜப்பானில் 1970களில் 'தெய்கெய்' என்ற பெயரில் இதையே செய்தார்கள்: சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு விவசாயியிடம் பேசி, விளைவதை எல்லாம் எடுத்துக்கொள்கிறோம், நீங்கள் மருந்து அடிக்காமல் விளைவியுங்கள் என்று ஒப்புக்கொள்வது. நம் பக்கத்திலும் நிலக்காரர் வீட்டு நெல்லை உறவுக்காரர்கள் வருடத்துக்கு வாங்கிப் போடுவது பழைய பழக்கம்தானே.

எவ்வளவு வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுங்கள்

நாலு பேர் உள்ள எங்கள் வீட்டில் மாதம் 20 கிலோ அரிசி ஆகிறது. வருடத்துக்கு 240 கிலோ. நெல்லை அரைத்தால் நூற்றுக்கு அறுபது அரிசி தேறும் என்று வைத்துக்கொண்டால் 400 கிலோ நெல், அதாவது 60 கிலோ மூட்டையில் ஏழு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. முதல் வருடமே ஏழு மூட்டைக்குச் சொல்லிவிடாதீர்கள். இரண்டு மூட்டை சொல்லுங்கள், 72 கிலோ அரிசி வரும், வீட்டில் எல்லோருக்கும் வாய்க்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். ஏழு வீடு சேர்ந்தால் பதினாலு மூட்டை ஆகிவிடுகிறது. எங்கள் அண்ணன் வயலில் பாரம்பரிய ரகம் ஏக்கருக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் காண்கிறது, ஆக ஏழு வீட்டு வாக்கு ஒரு ஏக்கரைத் தாங்குகிறது.

ரகம் தேர்ந்தெடுப்பதில் ஆசைப்பட்டு மாப்பிள்ளைச் சம்பாவில் ஆரம்பிக்க வேண்டாம். சிவப்பரிசி, ராத்திரியே ஊறப்போட வேண்டும், கஞ்சிக்கும் இட்லிக்கும் அருமையாக இருக்கும், ஆனால் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவைப்பார்கள். தூயமல்லி வெள்ளை, சன்னம், சோறு பூவாக இருக்கும், அதில் தொடங்குங்கள். இன்னொன்று, மாப்பிள்ளைச் சம்பா 160 நாள் பக்கம் நிற்கிற பயிர், ஆள் உயரம் வளர்ந்து காற்றுக்குச் சாயும். நாம் ஆசைக்குக் கேட்கிற ரகம் அவர் வயலுக்கு ஒத்துவருமா என்பதை அவரிடமே கேட்டுவிட வேண்டும். தண்ணீர் நிற்கிற பள்ளக்காலா, மேட்டு வயலா, கடைமடையா என்பது அவருக்குத்தான் தெரியும்.

யாரிடம் வாங்குவது

ஊரில் சொந்தபந்தம் இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள், இல்லையென்றால் நெல் திருவிழாவுக்குப் போங்கள். திருத்துறைப்பூண்டி பக்கத்தில் ஆதிரெங்கத்தில் 2006இல் நெல் ஜெயராமன் தொடங்கியது. வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ விதை நெல் கொடுத்து, அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்பார். இந்த ஏற்பாட்டில் காணாமல் போக இருந்த நிறைய பாரம்பரிய ரகங்கள் வயலுக்குத் திரும்பின. அவர் 2018 டிசம்பரில் காலமானார். அவருக்கு வழிகாட்டிய இயற்கை விவசாய முன்னோடி நம்மாழ்வார், தஞ்சை மாவட்டம் இளங்காட்டுக்காரர், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை பக்கத்தில் மீத்தேன் திட்டத்துக்கு எதிரான பிரச்சாரத்துக்குப் போன இடத்தில் காலமானார். அவர்கள் இருவரிடமும் கற்றவர்கள் டெல்டாவில் ஊருக்கு ஒருத்தராவது இருக்கிறார்கள், விசாரித்தால் கிடைப்பார்கள்.

சான்றிதழ் கேட்கலாமா என்றால், கேளுங்கள், ஆனால் இல்லை என்றதும் எழுந்து வந்துவிடாதீர்கள். குத்தகைக்குப் பயிர் செய்கிறவர் டெல்டாவில் ஏராளம், கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூர் போய்விட்ட மிராசுதார் நிலம். கையில் ஒரு காகிதம் இல்லாமல் முப்பது வருடம் உழுதுகொண்டிருப்பவருக்குச் சான்றிதழும் எட்டாது, பயிர்க் காப்பீட்டுக்கும் அலைய வேண்டும். பிஜிஎஸ் என்று விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சான்று கொடுக்கிற முறை இருக்கிறது, செலவும் குறைவு, உங்கள் விவசாயி அதில் சேர விரும்பினால் படிவம் நிரப்ப உதவுங்கள். மற்றபடி நேரில் போய்ப் பார்ப்பதை மிஞ்சிய சான்றிதழ் எனக்குத் தெரிந்து இல்லை.

போனால் என்ன பார்ப்பது? முதல் தடவை நான் சும்மா பச்சையைப் பார்த்து மயங்கிவிட்டு வந்துவிட்டேன். பச்சை ரொம்பக் கரும்பச்சையாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும், அது யூரியா கொடுத்த நிறம். நடவுக்கு முன்னால் தக்கைப்பூண்டோ சணப்போ, ஏதாவது ஒரு பசுந்தாள் உரச்செடி விதைத்து மடக்கி உழுதிருக்கிறாரா என்று கேளுங்கள். வரப்போரம் உட்கார்ந்து ஒரு பிடி மண் எடுத்துப் பிசைந்து பாருங்கள். எங்கள் அண்ணன் வயலில் மூன்றாம் வருடம் அப்படி எடுத்தபோது வேர்களுக்கு நடுவே இரண்டு மண்புழு நெளிந்தது, மண் விரலில் களியாக ஒட்டாமல் பொலபொலவென்று உதிர்ந்தது, புது மழை வாசம். பக்கத்து வயலில் அதே ஆற்றுத் தண்ணீர், அதே மண், எடுத்தால் பாளமாக வந்தது. வயலுக்கு மேல் தும்பி பறக்கிறதா, வாய்க்காலில் நண்டும் நத்தையும் இருக்கிறதா, ராத்திரி தவளை கத்துகிறதா, இதையெல்லாம் அவருடைய பிள்ளைகளிடம் கேட்டால் உண்மை வந்துவிடும்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள், பலர் கேட்பதில்லை: நடவு ஆளுக்கு என்ன கூலி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலியா, மேற்கு வங்கத்திலிருந்து வருகிற நடவு ஆட்கள் எங்கே தங்குகிறார்கள். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தது, அரைப்படி நெல் கூடக் கேட்ட கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியில்தான். மருந்து அடிக்காத நெல் என்று மட்டும் சொல்லி, நட்ட கைகளைக் கேட்காமல் விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

பணமும் வாக்கும்

விலையை அவரே சொல்லட்டும். கடை விலையையும் இணையத்தில் பார்த்த விலையையும் காட்டிப் பேரம் பேசாதீர்கள். உழவு, அண்டை வெட்டு, நாற்றங்கால், நடவு, இரண்டு களை, அறுப்பு இயந்திர வாடகை, வண்டி என்று அவரையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள், வீட்டு ஆட்களின் உழைப்பையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள். பாதிப் பணம் நடவுக்கு முன்னால், மீதி நெல் வந்ததும். வங்கிக் கணக்கில் போடுங்கள், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரே நோட்டில் ஒருத்தர் எழுதி வையுங்கள்.

அப்புறம், விளையாமல் போனால் என்ன என்பதை நடவுக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். நாங்கள் பேசவில்லை. 2021 தையில், பொங்கலை ஒட்டி, அறுவடைக்கு நின்ற சம்பாவில் பருவம் தப்பிய மழை அடித்தது, டெல்டா முழுக்க. அண்ணன் வயலில் பயிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்து கதிரிலேயே முளை விட்டுவிட்டது. நான் போனபோது ஒரு கதிரை எடுத்துக் கையில் கொடுத்தார், நெல்மணி ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஒரு முளை. எங்களில் மூன்று வீடு முன்பணத்தைத் திருப்பிக் கேட்டது. அவர் ஒரு வார்த்தை பேசாமல் நகையை அடகு வைத்துக் கொடுத்துவிட்டார் என்று அண்ணி சொல்லி ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். அதற்கடுத்த வருடம் தூயமல்லியை அரை ஏக்கராகக் குறைத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இப்போது நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம்: மழையாலோ வறட்சியாலோ போனால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. அடுத்த போகத்தில் கிடைத்தால் கொஞ்சம் நெல்லாகக் கழித்துக்கொள்வோம், இல்லாவிட்டால் போகட்டும். ஒரு வீட்டுக்கு அந்தத் தொகை என்ன, ஒரு குடும்பமாகச் சினிமாவுக்குப் போய்ச் சாப்பிட்டு வருகிற செலவு இரண்டு மூன்று தடவை. அதை ஏழு வீடு தாங்கிக்கொள்ளலாம், ஒரு வீடு ஒரே ராத்திரியில் மொத்தமாகத் தாங்க முடியாது.

தண்ணீர் விஷயம்

மேட்டூர் திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28 என்பது வழக்கம். எல்லா வருடமும் அப்படி நடப்பதில்லை. அதனால் குறைந்த தண்ணீரில் விளைவிக்கிற முறைக்கு நாம் ஏதாவது உதவ முடியுமா என்றால், முடியும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது என்று நம் ஆட்கள் சொல்வதையே சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு குழாயை வைத்து எளிதாக்கியிருக்கிறது. ஒரு அடி நீள பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில் துளை போட்டு வயலில் புதைத்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கினதும் மறுபடி பாய்ச்சுவது. பூக்கிற சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும், நிற்கிற சேற்றிலிருந்து கிளம்பிப் பூமியைச் சூடாக்குகிற மீத்தேன் வாயுவும் வெகுவாகக் குறையும். வியட்நாமில் மீகாங் டெல்டாவில் 2030க்குள் 10 லட்சம் ஹெக்டேரை இந்த மாதிரி குறைந்த உமிழ்வு நெல்லுக்கு மாற்ற 2023இல் திட்டமே போட்டிருக்கிறார்கள். மீகாங்கும் காவிரியும் ஒரே மாதிரி கடலோர வண்டல் நிலம், அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று அண்ணனிடம் கேட்டேன்.

"தம்பி, அது பம்புசெட்டுக்காரனுக்கு. முறை வைத்துத் தண்ணீர் விடுறப்ப, இன்னிக்கு வேண்டாம்னு மடையை அடைச்சா அடுத்த முறை எப்ப வருமோ?" என்றார். ஐப்பசி கார்த்திகையில் வடிய வைப்பதே பெரும்பாடு, காயவிடுவது எங்கே. அவர் சொன்னது சரி. அதனால் நாங்கள் போர் தண்ணீரில் நடக்கிற குறுவைக்கு மட்டும் நாலு குழாய் வாங்கிக் கொடுத்தோம், செலவு பெரிதில்லை. நகரத்தில் இருந்துகொண்டு நாம் படித்ததை எல்லாம் அவர் தலையில் ஏற்றாமல், எது அவருக்குப் பொருந்தும் என்று அவரிடமே கேட்டுச் செய்யுங்கள்.

அரிசி மட்டும் போதாது

சம்பா, தாளடி அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற பயிருக்குள்ளேயே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளிப்பது டெல்டாவின் பழைய வழக்கம். அடுத்து தண்ணீரே கட்டாமல் பனியிலும் மண் ஈரத்திலும் விளைந்துவிடும், மண்ணுக்குத் தழைச்சத்தும் கொடுக்கும். அறுப்பு இயந்திரம் வந்த பிறகு அதன் சக்கரத்தில் முளைத்த உளுந்து நசுங்குகிறது, பலர் விட்டுவிட்டார்கள். இன்னும் தெளிக்கிறவரிடம் பங்குனி சித்திரையில் வருடத்துக்கு வேண்டிய உளுந்தை வாங்கி, வெயிலில் காயவைத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்கு இறக்குமதியாகிற உளுந்தில் பெரும்பங்கு மியான்மரிலிருந்து வருகிறது. கடைக்காரரிடம் "இது பர்மா உளுந்தா, நம்ம ஊரா" என்று கேட்டாலே போதும், அவர் தெரிந்துவைத்திருப்பார்.

எண்ணெயும் அப்படித்தான். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னையை வேரோடு சாய்த்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்தத் தென்னை விவசாயிகள் ரேஷனில் பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று வெகுகாலமாகக் கேட்கிறார்கள். பாமாயில் வருவது இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும். சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காட்டை அழித்துத்தான் நிறையத் தோட்டம் போட்டார்கள், 2015இல் அங்கே கரிச்சதுப்பு நிலம் எரிந்த புகை சிங்கப்பூர் வரை மூடியது. பொறுப்பாக விளைவித்த பாமாயிலுக்கு, 2004இல் தொடங்கிய ஆர்எஸ்பிஓ என்ற அமைப்பின் சான்று முறை ஒன்று உண்டு. பிஸ்கட், சிப்ஸ், சோப்பு வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கம் அது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணுக்கு ஒரு போன் செய்து ஏன் இல்லை என்று கேளுங்கள். வீட்டுச் சமையலுக்கு மரச்செக்குத் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் மாதம் ஒரு லிட்டரில் தொடங்கினாலும் பேராவூரணிக்காரருக்கு அது வியாபாரம்தான்.

ஆலை, இறால் பண்ணை, தொழிற்சாலை

நம் நெல் எங்கே அரைபடுகிறது என்பதும் நம் பொறுப்பு. முதலில் நாங்கள் கொடுத்த ஒரு அரவை ஆலை, நெல் ஊறவைத்த தண்ணீரைப் பக்கத்து வாய்க்காலில் திறந்துவிட்டுக்கொண்டிருந்தது. புளித்த நாற்றம், கீழே இருந்த வயலில் தண்ணீர் கறுத்துப் போயிருந்தது. மருந்தில்லாத நெல்லைக் கொண்டுபோய் அங்கே அரைத்துக்கொண்டு வந்தோம் என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. ஆலைக்குள் போய்ப் பாருங்கள்: ஊறல் தண்ணீர் எங்கே போகிறது, தொட்டி கட்டியிருக்கிறார்களா, உமி எரிக்கிற கொதிகலனின் புகைபோக்கியில் சாம்பல் பிடிக்க ஏதாவது வைத்திருக்கிறார்களா. சரியாக வைத்திருக்கிற ஆலைக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுத்து அரையுங்கள், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று சொல்லியும் கொடுங்கள்.

உங்கள் ஊரில் ஒரு ஆலை தொந்தரவு கொடுத்தால், எடுத்த எடுப்பில் சண்டைக்குப் போகாமல், தேதி, நேரம், காற்றடித்த திசை, வாய்க்காலின் படம் என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். பிறகு நாலு பேர் போய் உரிமையாளரிடம் பேசுங்கள், நிறைய இடத்தில் அதிலேயே தீர்கிறது. தீராவிட்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் மனு. கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, அந்த ஆலைக்கு வாரியம் கொடுத்த இசைவாணையின், அதாவது ஆலை நடத்துவதற்கான அனுமதியின், நகலைக் கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதில் என்னென்ன நிபந்தனை போட்டிருக்கிறது என்று படித்துவிட்டுப் பேசினால் பேச்சுக்கு எடை வந்துவிடும். கிராம சபையில் தீர்மானமாகவும் கொண்டுவாருங்கள்.

கடற்கரைப் பக்கம் இறால் பண்ணை இருந்தால், கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், 2005 சட்டப்படி பதிவு கட்டாயம். உப்புத் தண்ணீர் கசிந்து பக்கத்து நெல் வயலும் குடிநீர்க் கிணறும் கெட்டதை நாகப்பட்டினம் பக்கம் கண்ணால் பார்த்துத்தான் காந்தியவாதித் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புக் கொடுத்தது. அந்த இறால் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது, கெடுவது நம் கிணறு.

பெரிய தொழிற்சாலை ஏதாவது வரப்போகிறது என்று பேச்சு வந்தால் முதலில் 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைப் பாருங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டையில் சில வட்டாரங்களும் அதில் இருந்தன, பின்னால் மயிலாடுதுறையும் சேர்ந்தது. எண்ணெய் எரிவாயு ஆய்வு, தோல் பதனிடுதல், தாமிர உருக்காலை போன்றவை இந்த மண்டலத்துக்குள் புதிதாக வரக் கூடாது, ஆனால் முன்பே நடந்துகொண்டிருந்தவற்றை அது தொடவில்லை. திருச்சியும் அரியலூரும் கரூரும் அதில் இல்லை என்பதையும் கவனியுங்கள். சுற்றுச்சூழல் அனுமதிக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தால் 30 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும், தமிழ் நாளிதழிலும் விளம்பரம் வரும். அந்த நாளில் லீவு போட்டுப் போய் நில்லுங்கள், எழுத்திலும் கொடுத்துவிட்டு வாருங்கள். வேலை தருகிற நல்ல தொழில் வரட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அரிசி ஆலை, எண்ணெய்ச் செக்கு, தேங்காய் நார், வாழைநார் என்று இந்த மண்ணை வைத்தே பிழைக்கிற தொழிலுக்கு மண்ணைக் கெடுக்காமல் நடக்க வழி இருக்கிறது.

நெல் வந்த பிறகு

எல்லாவற்றையும் ஒரே தடவை அரைத்து வாங்கிவிடாதீர்கள். தவிட்டோடு இருக்கிற அரிசி இரண்டு மூன்று மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும், வண்டு பிடிக்கும். அவர் வீட்டிலேயே நெல்லாக இருக்கட்டும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரைத்து வாங்குங்கள், இடம் பிடிக்கிறது என்பதால் அதற்கு ஒரு தொகை சேர்த்துக் கொடுங்கள். ஆலையில் நமக்கு முன்னால் அரைத்தவருடைய அரிசி இயந்திரத்துக்குள் மிச்சம் இருக்கும், முதலில் விழுகிற சில கிலோவைத் தனியாகப் பிடித்து வைத்துவிடச் சொல்லுங்கள். வீட்டில் டப்பாவில் நொச்சி இலையோ காய்ந்த வேப்பிலையோ போட்டால் போதும்.

சாக்குகளைத் திருப்பிக் கொடுங்கள். அண்ணி ஒருநாள் தயங்கித் தயங்கித்தான் சொன்னார், நல்ல கோணிச் சாக்கு இப்போது விலை அதிகம், அறுப்புச் சமயத்தில் கிடைப்பதும் இல்லை என்று. பதினாலு சாக்கையும் உதறி, வெயிலில் போட்டு, ஓட்டை இருந்ததைத் தைத்துக் கட்டி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு காரைக்கால் ரயிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, இந்த வருடத்து முன்பணத்தையும் பேசிவிட்டு வர வேண்டும்.